போகிப் புகையில் நைனாவின் பெயர்

வெளிச்சம் சத்தத்தைவிட வேகமானது என்று ஆறாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். மின்னல் முதலில், இடி பிறகு. இவ்வளவுதான் பாடம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. குப்பத்தில் யார் பட்டாசு வெடித்தாலும் நின்று விளக்கம் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். "இவ வாயத் தொறந்தாலே பேஜாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வருஷம் போகியன்று நைனா கடலில் இருந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். முந்தின நாள் சாயங்காலம் சித்தப்பாவோடு ஃபைபர் படகில் போனவர், விடிவதற்குள் திரும்பியிருக்க வேண்டும். திருவொற்றியூரில் எங்கள் குப்பத்துக்கு முன்னால், அலை ஊரைத் தின்றுவிடாமல் இருக்கப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். படகு ஏற நடுவில் சந்து மாதிரி கொஞ்சம் மணல் உண்டு. அதைக் கண்ணால் பார்த்துத்தான் உள்ளே வர முடியும். தவறினால் கல்தான்.

விடிந்தும் ஒன்றும் தெரியவில்லை. மார்கழிப் பனி ஒரு பக்கம், ஊரெல்லாம் பழைய பாயும் டயரும் கொளுத்திய புகை இன்னொரு பக்கம். கம்பெனிப் புகையைக் கேட்கவே வேண்டாம். சித்தப்பாவின் போனுக்கு அடித்து அடித்துப் பார்த்தும் போகவில்லை. நைனா போனைக் கடலுக்குக் கொண்டுபோகிற ஆளே இல்லை. மற்றப் படகுகள் தட்டுத் தடுமாறி ஒவ்வொன்றாக ஏறிவிட்டன. எங்கள் படகு மட்டும் பாக்கி.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் பெரிய டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "லைட்டுதாம்மா ஃபாஸ்ட்டு. சத்தத்துக்கு முன்னாடி அத்துதான் நைனாகிட்ட போவும்" என்று கத்தினேன். அடித்துப் பார்த்தால், பால் டம்ளருக்குள் டார்ச் அடித்த மாதிரி எதிரே வெள்ளையாக நிறைந்து அங்கேயே நின்றுவிட்டது. வேகமாகப் போகிறது ஏன் போய்ச் சேரவில்லை என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"லைட்ட வுட்டுட்டு வாயால கூவுடி" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

கூவத்தான் செய்தார்கள். ஆனால் கரை முழுக்கப் பிள்ளைகள் போகி மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் டம டம டம. கடலில் இருப்பவனுக்கு எந்த மேளம் எங்கள் கரை? அம்மா ஓடி ஓடி மேளங்களைப் பிடுங்கினாள். என் தம்பியின் மேளத்தைக் காலால் மிதித்தே உடைத்தாள்.

இன்றைக்கு நானே பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அலைகள் பாடம் நடத்துகிறேன். ஒளி வேகத்தில் ராஜாதான். ஆனால் அதன் அலை மிகமிகச் சிறியது. பனித்துளியிலும் புகைத்தூளிலும் பட்டுப் பட்டு நாலாபக்கமும் சிதறிப்போகும். குரலின் அலையோ முழம் கணக்கில் நீளம். அந்தத் துளிகளை அது சட்டை செய்யாது. இன்னொன்றும் உண்டு. அன்று கீழே குளிர்ந்த காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று. புகையை மேலே போகவிடாமல் ஊர்மேல் அமுக்கி வைத்தது அந்த அடுக்குதான். மேலே ஏறப் பார்த்த சத்தத்தை வளைத்துத் தண்ணீர் மேலேயே வெகுதூரம் அனுப்பியதும் அதுதான்.

எஞ்சின் சத்தம் கேட்டது. எங்கள் எஞ்சினேதான். ஆனால் அந்த மணல் வழியை விட்டு விலகி, வடக்கே, கல்லைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் "மாமோவ்... மாமோவ்" என்று கத்தினார்கள். எங்கள் பக்கத்தில் கட்டியவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. எல்லா வீட்டிலும் மாமாதான். அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, நைனாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

ரேஷன் கடையில் கேட்டால்கூட அந்தப் பெயரை என்னைத்தான் சொல்லச் சொல்வாள். பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் நிறுத்தவில்லை; மறுபடி மறுபடி அதே பெயர். சட்டென்று எஞ்சின் நின்றுபோனது.

கல்லில் மோதிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், பதிலே இல்லை.

பிறகு புகைக்குள்ளிருந்து சித்தப்பா குரல் வந்தது: "அண்ணீ! கூவிகினே இரு, நிறுத்தாத! வந்துகினு கீறோம்!"

படகு மணலில் ஏறியது. நைனா இறங்கி வந்தார். "இன்னா மாமா, பதில் குடுக்கக் கூடாதா? உசுரு போயி வந்திச்சு" என்றாள் அம்மா.

நைனா மணலையே பார்த்தார். "எங்க அம்மா கூப்புடுதுன்னு நெனச்சேன். எஞ்சின ஆஃப் பண்ணிக் கேட்டேன், அப்பவும் அதேதான். செத்தவங்க கடல்ல கூப்ட்டா 'ஓ'ன்னு பதில் குடுக்கக் கூடாதே. இவன்தான் அண்ணி கொரலுன்னு சொன்னான்."

அவரைப் பெற்றவள் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவள். வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா, ஈரப் புடவையோடு மணலில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதாள். இத்தனை வருஷம் தன்னோடு வாழ்ந்தவருக்குத் தன் வாயால் வரும் அவர் பெயர் செத்தவள் அழைப்பாகத்தான் கேட்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அதெல்லாம் எட்டவில்லை. ஊர் முன்னால் பெயரைச் சொல்லிவிட்ட வெட்கத்தில் அழுகிறாள் என்று நினைத்து, அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அழுவாதம்மா" என்றேன். "யாரும் சிரிக்கல."