திலெமானின் நிலவறை ஜன்னல்

ஹெர் திலெமானை நான் முட்டாள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் ஜெர்மனியில் இந்த ஹாலே நகரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அவரைப் போல ஒரு நல்ல மனிதர் கிடைப்பது கஷ்டம். இரண்டும் உண்மைதான், என்ன செய்ய?

முப்பத்தொரு வருடம் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகள் அல்முட்டைத் தனி ஆளாக வளர்த்தார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். உப்பு தீர்ந்துபோனால் உப்பில்லாமல் தின்பாரே தவிர என் கதவைத் தட்ட மாட்டார். படிக்கட்டில் பார்த்தால், "வணக்கம், ஃபிராவ் பெல்லின்." அவ்வளவுதான். அந்தப் பெல்லின் அம்மாள் நான்தான், முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். நாள் முழுக்கப் பேசுகிற வாய். அவரிடமிருந்து நாலு வார்த்தை பிடுங்க எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.

அல்முட் நர்ஸ். போன வருடம் அக்டோபரில் அவளுக்கு நார்வேயில், பெர்கன் ஆஸ்பத்திரியில் ஒரு வருட வேலை கிடைத்தது. இங்கே இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, சாமானையெல்லாம் அப்பாவின் நிலவறையில் கொண்டுவந்து அடுக்கினாள். எழுதும் மேசை, புத்தக அலமாரி, இழுப்பறைப் பெட்டி, நாலு நாற்காலி, ஒரு மெத்தை. கிளம்பும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "என்னப்பா நீங்க? சாமான் பூரா இங்கதான இருக்கு. நான் எங்க போயிடப் போறேன்?" என்றாள்.

அந்த ஒரு பேச்சை மனிதர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குளிர்காலத்தில் ஒருநாள் அவராகவே என்னை நிறுத்திச் சொன்னார்: "சாமான் இங்க இருக்கில்ல, ஃபிராவ் பெல்லின்? அத விட்டுட்டு யாராவது போவாங்களா?" எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

எங்கள் ஜனத்துக்கு ஜன்னல் திறப்பது என்பது சாமி கும்பிடுகிற மாதிரி. வெளியே பனி கொட்டினாலும் காலையில் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து, வீட்டுக் காற்றை விரட்டிவிட்டுத்தான் மறுவேலை. இதை வைத்துப் பெண்டாட்டி புருஷன் சண்டை நடக்காத வீடே கிடையாது. நிலவறைக்கும் அதே சட்டம். 'ஜன்னலைத் தினமும் திறக்கவும்' என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கீழ்த்தளத்து ஃபிராவ் ட்ஸாபெல் அதற்குக் காவல் தெய்வம்.

குளிர்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. ஜூனில் வெயில் ஏறியது. திலெமான் காலை ஏழு மணிக்கே போய் நிலவறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்குத்தான் மூடினார். ஜூலையில் அலமாரியின் முதுகில் சாம்பல் தூவினாற்போலப் பூசணம் பூத்திருந்தது. காய்ந்த பிரஷ்ஷை எடுத்துப் பரபரவென்று தேய்த்தார். அடுத்த வாரம் அது இழுப்பறைப் பெட்டிக்கும் பரவிவிட்டது. காற்று போதவில்லை என்று முற்றத்துக் கதவையும் திறந்துவிட்டார். அதுவும் போதவில்லை என்று ஒரு மின்விசிறியை வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுத்தார், மகராசன்!

உருளைக்கிழங்கு எடுக்க நான் இறங்கிப்போனது ஒரு பட்டப்பகலில். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கீழே குளுகுளுவென்று இருக்கிறது, ஆனால் ஈரச் சாக்கு நாற்றம். திலெமான் மண்டியிட்டு மேசைக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். செங்கல் சுவர் வியர்த்து வழிந்தது.

"தினமும் பதிமூணு மணி நேரம் தொறந்து வெக்கிறேன், ஃபிராவ் பெல்லின். இன்னும் என்னதான் பண்றது?" துணியைப் பிழிந்தார். "இதெல்லாம் போயிடுச்சுன்னா அவளுக்கு இங்க வேற என்ன இருக்கு? எதுக்கு வருவா?"

'நீங்க இருக்கீங்களே' என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கிழங்கை அள்ளிக்கொண்டு படியேறினேன்.

முற்றத்தில் கால் வைத்ததும் நிலவறைக் குளிர் ஏறிய என் மூக்குக் கண்ணாடி குப்பென்று மங்கிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. சபித்துக்கொண்டே கழற்றித் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மறுபடி மங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிழங்கைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

"ஜன்னல மூடுங்க!"

"என்னது?"

"மூடுங்கன்னா மூடுங்க! நீங்கதான்யா தண்ணிய உள்ள கொண்டாந்து ஊத்துறீங்க. முட்டாள் மனுஷா!"

அவர் எழுந்து நின்றார். காது சிவந்துவிட்டது. "எங்கப்பாவும் இப்படித்தான் தொறந்து வெச்சாரு."

"முப்பத்தொரு வருஷம் ட்ராம் ஓட்டினீங்களே, குளிர்காலத்துல முன்கண்ணாடி எதனால மங்கும்?"

"உள்ள ஜனங்க விடற மூச்சு. சூடும் ஈரமுமா இருக்கும். கண்ணாடி ஜில்லுனு இருக்கும், அதுல பட்டு..." பேச்சு பாதியில் நின்றது. சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஜில்லென்ற அந்தச் செங்கல்மேல் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் போய் ஜன்னலைச் சாத்தினார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

மறுநாளே பெயின்ட் கடையிலிருந்து ஈரம் காட்டுகிற சின்னக் கடிகாரம் ஒன்று வாங்கிவந்தோம். எண்பத்தாறு சதவீதம் காட்டியது. அறுபதுக்குமேல் போகக் கூடாதாம். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். முதல் நாள் மட்டும் நாலு லிட்டர் தண்ணீர்! மெத்தையைக் காப்பாற்ற முடியவில்லை, தூக்கிப் போட்டோம். மற்றதையெல்லாம் முகமூடி கட்டிக்கொண்டு ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தோம். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் பூசணத்தூள் பறந்து மற்றதிலும் ஒட்டும் என்று கடைக்காரன் சொன்னபோது திலெமான் தலையில் அடித்துக்கொண்டார். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரக்கட்டைமேல் ஏற்றினோம். இழுப்பறைகளைக் கொஞ்சம் திறந்தபடியே விட்டோம். அவர் சுற்றி வைத்திருந்த பிளாஸ்டிக்கை உருவி எறிந்துவிட்டு என் பழைய பருத்தி விரிப்புகளைப் போர்த்தினேன்.

மூன்றாம் நாளே ஃபிராவ் ட்ஸாபெல் வந்துவிட்டாள். "ஜன்னல் மூடிக் கெடக்கு! தாள்ல என்ன எழுதியிருக்கு?"

"தாளுக்குக் குளிருமா வேர்க்குமா? எழுதி ஒட்டினவனக் கூட்டிட்டு வாங்க, சுவரத் தொட்டுப் பாக்கச் சொல்றேன்," என்றேன்.

"நாளைக்கு வீடு இடிஞ்சு விழுந்தா?"

"விழுந்தா முதல்ல உங்க தலையிலதான், கவலப்படாதீங்க!"

திலெமான் என் பின்னால் நின்று சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். அதற்கப்புறம் விடியற்காலையில், உள்ளே இருப்பதைவிட வெளியே குளிராக இருக்கும் நேரம் பார்த்து மட்டும், அரைமணி திறந்தார். செப்டம்பர் கடைசியில் கடிகாரம் ஐம்பத்தெட்டு காட்டியது. ஒரு புள்ளி பூசணம் கிடையாது.

அக்டோபர் முதல் சனிக்கிழமை அல்முட் வந்தாள். முந்தின நாளே என் கடைக்கு வந்து முடி வெட்டிக்கொண்டு போயிருந்தார் மனிதர். தெருவில் அவள் ஒரு பெரிய வாடகை வேனிலிருந்து இறங்கினாள். வேனைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கவில்லை.

"வண்டி எதுக்கும்மா? சாமான் எல்லாம் இங்கதான இருக்கு."

"அப்பா..." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கயே நிரந்தரமாக்கிட்டாங்கப்பா. வீடும் பாத்துட்டேன். போன்ல சொல்ல மனசு வரல."

அவர் குனிந்து வேனின் டயரை அமுக்கிப் பார்த்தார். பிறகு, "மேசைய முதல்ல எடுப்போம். அதுதான் கனம்," என்றார்.

அவள் நிலவறையில் இழுப்பறைகளை இழுத்து இழுத்து மோந்து பார்த்தாள். "பூசணம் புடிச்சு வீணாப் போயிருக்கும், அங்கயே புதுசா வாங்கிக்கலாம்னு நெனச்சேன். இப்படி வெச்சிருக்கீங்களே!" இதற்கா ஒரு கோடை முழுக்க மெஷினிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்துக் கொட்டினோம்? வாய் வரைக்கும் வந்துவிட்டது. திலெமான் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டி வேண்டாம் என்றார். அலமாரியின் மறுமுனையை நான்தான் தூக்கினேன்.

"அங்க வருஷம் பூரா மழையாமே," என்று படியில் மூச்சு வாங்கச் சொன்னார். "சுவரோட ஒட்டிப் போடாத. ஒரு முழம் விடு."

"சரிப்பா."

கடைசி நாற்காலி வந்தது. அதைப் பிடித்தவர் விடவில்லை. "அல்முட், இது ஒண்ண மட்டும் எனக்குக் குடுப்பியா?" என்று கேட்டார். உப்புக்குக்கூட வாய் திறக்காத மனிதர். அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவர் அழவில்லை, அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

நாற்காலியை நிலவறைக்குக் கொண்டுபோகவில்லை. தன் சமையலறை மேசையருகே போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு என்னைக் கூப்பிட்டார், பத்து வருடத்தில் முதல் தடவையாக. நான் கப்பும் கையுமாக அதில் உட்காரப் போனேன்.

"அதுல வேணாம்," என்றார் சட்டென்று.

அங்கே இருந்த இன்னொன்று அவருடைய நாற்காலி. நான் நின்றுகொண்டே ஒரு வாய் குடித்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல, உக்காருங்க," என்றார். "அவ கிறிஸ்துமஸுக்குத்தான வருவா."