அண்ணன் மிதிக்க, நான் காருக்கு அடியில்

என் அண்ணன் என்னைக் கொல்லப் பார்த்தான் என்று அந்த வாரம் முழுக்க நம்பினேன். அப்படி நம்புவதில் ஒரு சுகமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

கார்வேட்டிநகரம் தாண்டி ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் அடிவரை போய்விட்டது. பக்கத்தில் மனைவி, அவள் மடியில் மகள், முன்னால் கரும்பு லாரி. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எப்படியோ ஒரு புளியமரத்தடி மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். பின் சக்கரத்தருகே பிரேக் ஆயில் ஒழுகி மண்ணை நனைத்திருந்தது. மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிரேக் பைப்ப அறுத்து வுட்டிருக்கான் உங்கண்ணன். அது அவன் வேல இல்லன்னு தெரியற வரைக்கும் கொழந்தைய அந்த வூட்டுக்கு நான் கூட்டிக்கினு வர மாட்டேன்" என்றாள். வந்த பஸ்ஸில் ஏறிப் பிச்சாட்டூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சித்தூரில் எங்கள் வீட்டில் மாடியில் அண்ணன், கீழே நான். நைனா, எங்கள் அப்பா, விட்டுப்போன அந்தப் பழைய கார் இருவருக்கும் பொது. ஒரு வாரம் அவன் முறை, ஒரு வாரம் என் முறை. சாவி மாடிப்படி ஆணியில் தொங்கும். பேச்சு வார்த்தை கிடையாது.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அண்ணன் மாடியில் கிரானைட் போட்டான். "கண்ணாடியாட்டம் இருக்குதுண்ணா" என்று நல்ல மனசோடுதான் சொன்னேன். மறுவாரம் அண்ணி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நடுவே என்னை வைத்துக்கொண்டே அண்ணன் சொன்னான்: "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க." தரையில் சிந்திய சமையல் எண்ணெயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம் காரின் முன் பம்பரில் ஒரு திருஷ்டி மூட்டை தொங்கியது. யாருக்காக என்று தெரியாதா? என் முறை வந்த அன்றே அறுத்துச் சாக்கடையில் எறிந்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை.

பிரேக் போன காரை மெக்கானிக்கிடம் விடாமல் வீட்டுக்கே இழுத்து வந்தேன். பைப்பில் இருக்கும் வெட்டை வேறு யாரும் தொடுவதற்கு முன்னால் நானே பார்க்க வேண்டும். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை எனக்கு. பைப் மாற்றுவது புதிதல்ல. புது பைப்பைத் திருப்பதியில் வாங்கினேன். ஞாயிறு காலை காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி அடியில் படுத்தேன்.

வெட்டு இல்லை. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், பைப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிய ஒரு கறுப்பு உருண்டை இருந்தது. சேறு என்று நினைத்துப் பிய்த்தேன். துணி. உள்ளே கல்லுப்பு கரைந்து கசிந்த கூழ், ஒரு துண்டு படிகாரம், கருகிய எலுமிச்சம்பழம். அது உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் இரும்பு பைப் செதில் செதிலாக உதிர்ந்தது. மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருந்தது.

எனக்கு நிம்மதி வரவில்லை, ஏமாற்றம்தான் வந்தது. வெட்டாக இருந்திருந்தால் போலீசுக்குப் போயிருக்கலாம். உப்பு மேல் எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது?

பழைய பைப்பைப் பக்கத்தில் வைத்து அதே மாதிரி புதியதை வளைத்தேன். கோபத்தில், நட்டைக் கோர்க்காமலேயே முனையை விரித்துவிட்டேன். விரித்த முனையில் நட்டு ஏறாது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி விரித்தேன். மாடியிலிருந்து ஒரு இருமல் கேட்டது. அது இருமல் இல்லை, அடக்கிய சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

பைப் மாற்றினால் உள்ளே காற்று நிற்கும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தில் இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். நிப்பிளை மூடும்வரை மிதித்த காலை எடுக்கக் கூடாது. வீட்டில் இருந்த இரண்டாவது ஆள் அவன்தான். அண்ணி அம்மா வீட்டில். மறுநாளிலிருந்து கார் அவன் முறை. இறங்கி வந்துதான் ஆக வேண்டும். வந்தான், வண்டியில் உட்கார்ந்தான்.

"மிதி" என்றேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"ம்."

"புட்ச்சிக்கோ." நிப்பிளைத் திறந்தேன். குமிழ் குமிழாக ஆயில் வந்தது. அவன் உட்கார்ந்திருக்கும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தக் கறுப்பு மூட்ட உன்னுதா?"

"ஆமா. இப்போ இன்னாத்துக்கு?"

"பைப்ப துன்னுட்டுது. என் பொண்ணு செத்துருப்பா."

"முன்னாடி கட்டுனேன், அறுத்துப் போட்ட. அதான் உனுக்குத் தெரியாம அடியில கட்டுனேன்."

"யார் கண்ணுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்கற பாரு. உன் கண்ணுக்குத்தான்டா!" என்றவன் காலை எடுத்துவிட்டான். நிப்பிள் திறந்தே இருந்தது. வெளியே வந்த காற்றெல்லாம் மறுபடி உள்ளே போனது.

"கால ஏன்டா எட்த்த?" என்று கத்தினேன். அண்ணனை 'டா' போட்டது அன்றுதான் முதல் தடவை.

"ஏம்ரா?" என்று, அதாவது என்னடா என்று, தெலுங்குக்குத் தாவினான். அவனுக்குக் கோபம் தலைக்கேறினால் தெலுங்குதான். ஆனால் இறங்கிப் போகவில்லை, மறுபடி மிதித்தான். முதலிலிருந்து ஆரம்பித்தோம். மிதி, பிடி, விடு. பெடல் கல் மாதிரி நிற்கும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை மனைவிக்குப் போன் செய்து உப்பு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ அறுக்கல."

"இல்ல. என் கண்ணுக்குக் கட்டியிருக்கான்."

"திரும்பக் கட்டினானா?"

வாசலுக்கு வந்து பார்த்தேன். முன் பம்பரில், நட்ட நடுவில், போனதைவிடப் பெரிய புது மூட்டை. படிக்கட்டு ஆணியில் சாவி தொங்கியது. அவன் முறைதான், ஆனாலும் எடுக்காமல் விட்டிருந்தான்.

"கட்டிட்டான். முன்னாடியே கட்டியிருக்கான்."

"முன்னாடின்னா இருந்துட்டுப் போவட்டும், கை வைக்காத. வந்து எங்கள கூட்டிக்கினு போ" என்றாள்.

சாவியை எடுத்தேன். என் கண்ணுக்குக் கட்டிய மூட்டையை முன்னால் ஆட்டிக்கொண்டு பிச்சாட்டூர் வரை நானே ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவனைத் திட்டினேன். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தேன். நன்றாகப் பிடித்தது.