கயிற்றுக்கு வெளியே ஒரு ஜோடி பூட்ஸ்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் நான் ஒன்பது வரிகள் எழுதினேன். மின்பொறியியல் முடித்துவிட்டு, பெங்களூரில் மின்கம்பங்களை இடம் மாற்றித் தரும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் பாதுகாப்புப் பொறியாளராகச் சேர்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. ஊர் முழுக்கச் சாலைகளை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சாலை நகர்ந்தால் கம்பமும் நகர வேண்டும். மேலே ஏறுகிறவரைப் பற்றி எல்லோருக்கும் கவலை இருந்தது. பெல்ட், கையுறை, தலைக்கவசம் எல்லாம் அவருக்கு உண்டு. கீழே நிற்கிறவரைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி இல்லை. என் ஒன்பது வரிகளும் அவருக்காகத்தான்.

எங்கள் குழுவில் நான்கு பேர். பக்கெட் வண்டி ஓட்டும் கன்னடக்கார டிரைவர். அந்த வண்டியின் நீண்ட இரும்புக் கையின் நுனியில் இருக்கும் தொட்டியில் நின்றபடி மேலே போகும் லைன்மேன். தரையில் இரண்டு ஹெல்ப்பர்கள். ஹெல்ப்பர்கள் இருவரும் ஸ்ரீராம்புரத்துத் தமிழர்கள். ஒருவர் அக்காள் கணவர், மற்றவர் மைத்துனர். மைத்துனர் அவரை ‘மாமா’ என்று கூப்பிட்டதால் எங்கள் எல்லோருக்குமே அவர் மாமாதான்.

அந்த இரும்புக் கை மின்சாரம் ஓடும் கம்பியில் பட்டால் வண்டி முழுவதிலும் மின்சாரம் ஏறிவிடும். தொட்டியில் இருப்பவருக்குக் காப்பு உண்டு. டிரைவர் கேபினை விட்டு இறங்காதவரை தப்பிப்பார். மண்ணில் கால் வைத்து வண்டியைத் தொடுகிறவர்தான் போய்விடுவார். வண்டிக்கு எர்த் கம்பி அடித்திருப்போம். அது லைனைச் சீக்கிரம் துண்டிக்க உதவும்; தொட்டுக்கொண்டிருக்கும் கையை அது காப்பாற்றாது. ஆகவே என் ஐந்தாவது வரி: இரும்புக் கை மேலே இருக்கும்வரை தரையில் இருப்பவர் யாரும் வண்டியைத் தொடக்கூடாது.

“அது எப்டி மேடம்?” என்றார் மாமா. “கும்புடாம ஆளத் தூக்குனா வெளங்குமா?”

இரும்புக் கை மேலே எழும்போதெல்லாம் அவர் ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறுங்காலில் போய், வண்டியின் மட்கார்டை வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று எழுதியிருந்தேனோ, அத்தனையும் ஒரே செயலில்.

மைத்துனர் சிரித்தார். “வூட்ல எங்க அக்காவ நிமிந்துகூடப் பாக்க மாட்டாரு மேடம். வண்டின்னா மட்டும் பக்தி.”

“டேய், உங்கக்கா பதினோராயிரம் வோல்ட்டு பக்கத்துல ஆள இட்டுனு போயி, முழுசா திருப்பி எறக்கி வுடுவாளாடா?”

வீட்டுக்குப் போய்ப் பட்டியலைத் திருத்தினேன். முதல் வரி: இரும்புக் கை எழும் முன்பே வண்டியைக் கும்பிடுதல். இரண்டாவது: பூட்ஸ் அணிதல். மூன்றாவது: கயிற்றுக்கு வெளியே வருதல். வண்டியைச் சுற்றி ஆறு தப்படி தள்ளி மஞ்சள் நைலான் கயிறு. மற்றவையெல்லாம் அதற்குப் பிறகு. மேலாளர் படித்துவிட்டு, “இதென்ன, கோயில் நோட்டீஸா?” என்று கேட்டார். ஆனால் மாமா கயிற்றுக்கு வெளியே நின்றார். கும்பிட்டுவிட்டுத்தான் நின்றார். மாதக்கணக்கில் அப்படியே நடந்தது. அந்தத் திருத்தத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

லிங்கராஜபுரத்தில் அன்று காலை வேலை. முந்தின இரவு பெய்த மழையில் மண் நசநசவென்று கிடந்தது. எங்கள் பக்கத்து லைனை அணைத்து, எர்த் செய்திருந்தோம். எதிர்ப்பக்கத்து லைனில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு லைன்மேன் மேலிருந்து “ஆச்சு!” என்று குரல் கொடுத்தார். வேலை முடிந்த நேரத்தை எழுத நான் நோட்டைத் திறந்தேன்.

எப்போதும் அந்த நிமிடத்தில் நான் நோட்டுக்குள்தான் இருப்பேன். இரும்புக் கை மடங்கி இறங்கும்போது அதன் முழங்கை பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு வெளியே போகும் என்பது எனக்குத் தெரியும். பாடத்தில் படித்தது. அதைக் கவனிக்க ஆள் நிறுத்த வேண்டும் என்று எழுதவில்லை. இன்னொன்று எனக்குத் தெரியவே தெரியாது. ஆள் ஏறும்போது வேண்டிக்கொள்கிறவர், ஆள் இறங்கும்போது நன்றி சொல்லாமல் இருப்பாரா? இரும்புக் கை முழுவதும் மடங்கி உட்கார்ந்தால்தான் எனக்கு வேலை முடிந்தது. மாமாவுக்கு, லைன்மேன் “ஆச்சு” என்றதுமே முடிந்தது.

நேரத்தை எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தியபோது முதலில் கண்ணில் பட்டது பூட்ஸ். கயிற்றுக்கு இந்தப் பக்கம், கோயில் வாசலில் விட்டதுபோல, ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்த ஒரு ஜோடி. கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் இரும்புக் கையின் முழங்கை பட்டு, எதிர்ப்பக்கத்துக் கம்பியில் வெளிச்சமும் சத்தமும். மாமா பின்சக்கரத்தருகே விழுந்து கிடந்தார்.

“மாமா!” மைத்துனர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். அவருடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டு நான் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் எடை குறைவுதான்; அதை முழுவதும் தொங்கவிட்டேன்.

“வுடுங்க மேடம்! உயிரு போவுது!”

“முழங்கை இன்னும் கம்பி மேலதான் இருக்கு, அண்ணா. மறுபடி வரும்.”

“லைன்தான் போயிடுச்சே!”

“தானா திரும்ப வரும்ணா!”

டிரைவர் கேபின் கதவைத் திறந்தார். “இளீபேடி! அல்லே கூத்கொள்ளி!” என்று கத்தினேன். இறங்காதீர்கள், அங்கேயே உட்காருங்கள் என்று. அவர் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

அப்போது, துணைமின் நிலையத்து சுவிட்ச் தானாக மறுபடி விழுந்து, லைன் திரும்ப வந்தது. இரண்டாவது வெளிச்சம். ஈர மண்ணில் கிடந்த மாமாவின் உடல் ஒருமுறை துள்ளியது. அதை நானும் பார்த்தேன், என் பிடியில் இருந்த அவருடைய மைத்துனரும் பார்த்தார். பிறகு லைன் அடங்கியது. தொட்டியில் இருந்த லைன்மேன் அதற்குள் நிதானத்துக்கு வந்து, நெம்புகோலை இழுத்து, முழங்கையைக் கம்பியிலிருந்து விலக்கினார். கம்பி ஏதும் அறுந்து தொங்கவில்லை என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகுதான் மைத்துனரின் கைகளை விட்டேன்.

மூச்சு இருந்தது. ஆட்டோவில் அவர் தலை மைத்துனரின் மடியில், வெறுங்கால் என் மடியில். இடது உள்ளங்காலில், மின்சாரம் வெளியேறிய இடத்தில், சின்னதாக, வட்டமாக ஒரு கருப்பு ஓட்டை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மைத்துனர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “புடிச்சு வெச்சீங்களே மேடம். எங்க அக்காவுக்கு நான் இன்னா சொல்றது?”

மாமாவின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். உயிர் தங்கியது. விசாரணை அறிக்கையில் ஊழியரின் கவனக்குறைவு என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். நான் தனியாக ஒரு பக்கம் எழுதி இணைத்தேன்: பட்டியலில் இறங்கும் நேரத்துக்கு வரி இல்லை, முழங்கையைப் பார்க்க ஆள் நிறுத்தவில்லை, பொறுப்பாளர் அப்போது எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வேலையிலிருந்து இறங்கும்போது நோட்டை மூடி வைத்துவிட்டு, முழங்கையை நானே பார்த்தேன்.

மைத்துனர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“ரெண்டாவது தபா வந்தப்ப, என் கை எங்க இருந்துச்சு மேடம்?”

“என் கையில.”

அவர் அடுத்த முடிச்சைப் போட்டார். வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜையன்று மாமா வண்டிகள் நிற்கும் எங்கள் யார்டுக்கு வந்தார். அவருக்கு ஸ்டோர் வாசலில் காவல் வேலை கொடுத்திருந்தார்கள். வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தோம். அவர் கொஞ்சம் தள்ளியே நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார். இடது கையில் சந்தனக் கிண்ணம்.

“மேடம், வண்டியத் தொடலாமா?”

கிண்டல் செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டார். இரும்புக் கை அதன் தாங்கியில் படுத்திருந்தது. என்ஜின் அணைந்திருந்தது. யார்டுக்கு மேலே எந்தக் கம்பியும் போகவில்லை. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அண்ணாந்து ஒருமுறை முழுவதும் பார்த்தேன். அதுவரை அவர் காத்திருந்தார்.

“தொடுங்க, மாமா.”