காளைக் கன்று ஈன்ற பசுவின் பால்

எனக்கு ஆண் பிள்ளை பிறக்க வேண்டுமானால் முதலில் ஒரு பசு காளைக் கன்று போட வேண்டும் என்று மானாம்பதி வைத்தியர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சாலவாக்கத்தில் எங்கள் வீட்டில் அன்றோடு நிம்மதி போயிற்று.

அப்போது எனக்கு இரண்டு பெண்கள். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய் நான் பிழைத்ததே பெரும்பாடு. இன்னொன்று வேண்டாம், இப்போதே ஆப்ரேஷன் செய்துவிடுகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பையன் பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று என் மாமியார் என்னை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அந்தப் பிரசவக் கட்டிலில் இன்னொரு முறை படுக்க எனக்கு உயிர்ப் பயம். கணவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். அம்மா சொன்னாலும் தலையாட்டுவார், நான் சொன்னாலும் தலையாட்டுவார். அவருக்கு எப்படிக் கழுத்து வலிக்காமல் இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

வைத்தியர் கொடுத்தது ஒரு பச்சைப் பொடி. கரு உண்டாவதற்கு முன்பே சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். தண்ணீரில் கலக்கக் கூடாது, மோரில் கலக்கக் கூடாது, காளைக் கன்று ஈன்ற பசுவின் பாலில்தான் கலக்க வேண்டும். அந்தக் கன்றும் பசுவோடு இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு. என் கணவருக்கு ஒரே ஒரு பத்தியம், புளிப்பு ஆகாது. அதையும் அவர் மறுநாளே மாங்காய் ஊறுகாயோடு முடித்துவைத்தார்.

காளைக் கன்றுக்கு எங்கே போவது? உழவெல்லாம் டிராக்டருக்குப் போய்விட்டது. ஊரில் நின்றதெல்லாம் சீமைப் பசுக்கள். அவை காளை போட்டால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும், கொஞ்ச நாளில் கன்றைச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி போட்டுவிட்டு வரும் வழியிலேயே பெண்ணாக ஒரு கிடேரி வேண்டும் என்று அம்மனிடம் கேட்பவர்கள்தான், வீட்டுக்கு வந்ததும் மருமகளுக்கு ஆண் வேண்டும் என்று கேட்பார்கள். அம்மனுக்கே தலை சுற்றியிருக்கும்.

மாமியார் விடவில்லை. காலையில் பால் சொசைட்டியில் போய் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் உங்கள் பசு என்ன போட்டது என்று விசாரித்தார். எதற்கு என்று அவர்கள் கேட்டால் ஒளிக்காமல் சொன்னார். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடக்க வேண்டிய விஷயம் ஊர்ப் பொதுக்காரியம் ஆகிவிட்டது. தண்ணீர் எடுக்கப் போனால், "இன்னாக்கா, பால் கெடச்சிதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பால் கிடைக்காதவரை நான் தப்பித்தேன். அதனால் ஊரிலுள்ள பசுவெல்லாம் கிடேரியாகவே போட வேண்டும் என்று நானும் என் பங்குக்கு வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் எங்கள் வீட்டுப் பசுதான் என்னைக் கவிழ்த்தது. பால் வற்றி நிறைசினையாக நின்ற அது ஒரு மத்தியானம் ஈன்றது. மாமியார் கன்றின் காலை விலக்கிப் பார்த்தார். காளை. பேரன் வரப்போகிறான் என்று சிரிப்பதா, ஒரு கறவை போயிற்றே என்று அழுவதா என்று தெரியாமல் அவர் நின்ற நிலை இருக்கிறதே, வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று பொடியை எங்கே ஒளிக்கலாம் என்றுதான் இடம் தேடினேன்.

சீம்பால் போய் நல்ல பால் வந்ததும், பொடி கலந்த டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரி கன்றைப் பார்க்க வந்தாள். போன ஈற்றும் காளை, இதுவும் காளை, ராசியில்லாத மாடு, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு பிடியுங்கள் என்றாள்.

மாமியாருக்கு அந்தப் பசுமேல் உயிர். சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"மாடு இன்னாடி பண்ணும்? போட்ட ஊசி அப்டி. வாயில்லாத சீவன், அத்தப் போயி கொற சொல்லிக்கினு கீற."

பசுவுக்கு வாயில்லை. எனக்கு இருந்தது.

"அப்ப என் மேல மட்டும் இன்னா குத்தம் அத்தே? எனக்குப் போட்ட ஊசி உங்க புள்ளதானே?"

எதிர்வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நழுவினாள். வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த என் கணவர் முதல் முறையாக எந்தப் பக்கமும் தலையாட்டவில்லை. மாமியார் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அறை விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுநீர்த் தொட்டியில் கொட்டினார். பசு ஒரு சொட்டு விடாமல் குடித்தது.

அதற்குப் பிறகு மாமியார் அந்தப் பொடியை எடுக்கவே இல்லை. ஒரு திங்கட்கிழமை, புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பு என்று மட்டும் சொன்னார். டவுன் பஸ்ஸில் உத்திரமேரூர் போய் ஆஸ்பத்திரியில் இறங்கினோம். ஆண் வாரிசு இல்லையே, ஆப்ரேஷனுக்கு நன்றாக யோசித்துத்தான் வந்தீர்களா என்று நர்ஸ் அவரைக் கேட்டாள்.

"மாடு தாங்கும். இவ தாங்கமாட்டா. எனக்குத் தெரியும்," என்றார் மாமியார்.

எனக்கு ஆப்ரேஷன் நடக்கப்போகிற நிம்மதி ஒரு பக்கம். ஆனால் நான் தாங்கமாட்டேன் என்று தெரிந்தேதான் அந்த டம்ளரை என் கையில் கொடுத்தாரா என்று நினைத்தபோது, அழுகையைவிட எனக்குக் கோபம்தான் வந்தது.