மூக்கடைப்பில் வாங்கிய வேங்கை

மரக்கடையில் வேலை பார்க்கிறவனுக்குக் கண் அரைவாசி இருந்தால் போதும், மூக்கு முழுசாக இருக்க வேண்டும். விலைபோகாத சரக்கைப் புகழ்ந்து புகழ்ந்து வாய் வலித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

ஏலத்தில் ஜலதோஷம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மதுரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ராவுத்தர் ஒருவரின் மரக்கடையில் சேர்ந்து எனக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆவணியில் முதலாளிக்குக் கால் வீக்கம். மலையடிவாரத்து ஏலத்தில் தேக்கு எடுத்து வர என்னை அனுப்பினார். கட்டையில் ஒரு சில்லுச் செதுக்கி மோந்து பார், பழந்தோல் வாடை அடித்தால் தேக்கு என்று சொல்லிக் கொடுத்தார். போகும் வழியிலேயே எனக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது.

பட்டை உரிந்து, மழையிலும் வெயிலிலும் கறுத்துப்போன ஏழு கட்டைகள் கிடந்தன. செதுக்கி மோந்தேன். அன்றைக்கு எனக்கு மல்லிகையும் மாட்டுச் சாணியும் ஒன்றுதான். கௌரவத்தை விடாமல், நல்ல தேக்கு என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லி ஏலம் கேட்டேன். போட்டிக்கு ஒருத்தரும் வரவில்லை. என் சாமர்த்தியத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மழையோடு மழையாக வண்டிகள் கடைக்கு வந்தபோது, கட்டை மேல் உட்கார்ந்து வந்த வண்டிக்காரரின் வேட்டி செக்கச்செவேல் என்று இருந்தது. ராவுத்தர் வீங்கின காலோடு ஓடிவந்து, யாருக்கு அடி என்று பதறினார். எங்கள் அறுப்புக்காரர் இருளாண்டி அண்ணன் கட்டையை எச்சில் தொட்டுத் தேய்த்து, சிவந்த விரலைத் தூக்கிக் காட்டினார். யாருக்கும் அடியில்லை, இது தேக்கும் இல்லை, வேங்கை மரம், நனைந்தால் சாயம் விடும் என்றார். ராவுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டில் நான் ஒருவன்தான் சம்பளக்காரன். அவர் சத்தமே போடாமல் சொன்னார்: "தை பொறக்கையில அந்த ஏழு மரமும் இங்கன கெடக்கக் கூடாது. கெடந்தா நீ இருக்கக் கூடாது தம்பி. ரெண்டு பேருக்கும் கடையில எடம் இல்ல."

உளிக்கு வந்த சோதனை

முதல் கட்டையை வில்லாபுரத்து ஆசாரி ஒருவர் தலையில் கட்டினேன். இரும்பு மாதிரி மரம், கரையான் கிட்ட வராது, நாலு தலைமுறைக்கு நிற்கும் என்று மூச்சு விடாமல் அளந்தேன். அதில் ஒன்றும் பொய் இல்லை. உண்மையில் பாதியைத்தான் சொன்னேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஆசாரி வந்தார். மேசை மேல் ஒரு பொட்டணத்தைப் பிரித்து வைத்தார். உள்ளே கோணல்மாணலாக வளைந்த ஆணிகள் ஒரு கை நிறைய, வாய் மழுங்கின உளிகள் இரண்டு. வேங்கையில் ஆணி அடிக்குமுன் துளை போட வேண்டும் என்று அசடு வழியச் சொன்னேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நாலு தலைமுறைக்கு நிக்கும்னீகளே, அதுல மொதத் தலைமுறை பூரா நான் தொளை போட்டுக்கிட்டே இருக்கணுமாண்ணே?"

ஒத்தக்கடைக் கல்யாணம்

ஒத்தக்கடையில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர் மகள் கல்யாணத்துக்காகப் புது வீடு கட்டினார். வாசல் நிலைக்கும் சன்னலுக்குமாக இரண்டு கட்டை எடுத்துக்கொண்டார். சாயம் விடும் சங்கதியை நான் வாய் திறந்து சொல்லவில்லை. ஐப்பசியில் கல்யாணம். முதல்நாள் கொட்டித் தீர்த்தது மழை. விடிந்ததும் பெண்ணின் அப்பா கடைக்கு வந்து, என் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார். இருளாண்டி அண்ணனும் தொற்றிக்கொண்டார்.

போய்ப் பார்த்தால், நிலையின் இரண்டு பக்கமும் புதுச் சுண்ணாம்புச் சுவரில் சிவப்பு சிவப்பாக ஒழுகி இறங்கியிருந்தது. மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அபசகுனம் என்று பெண்கள் அழ ஆரம்பித்திருந்தார்கள். எனக்கும் அழுகை வந்தது. வேலை போவது இருக்கட்டும், ஒரு பெண்ணின் கல்யாணம் நான் வாய் திறக்காததால் நின்றுவிடுமோ என்று பயந்தேன். மேலே சுண்ணாம்பு அடித்தோம். ஈரம் பட்டதும் இன்னும் கொஞ்சம் சாயம் இறங்கி, சுவர் ரோஸ் நிறத்துக்கு வந்தது.

இருளாண்டி அண்ணன் காவிக்கட்டி கொண்டுவரச் சொன்னார். அதைக் கரைத்து, ஒழுகின கோடுகள் மேலேயே பட்டை தீட்டினார். இங்கே தீட்டினால் அங்கே மொட்டையாக இருந்தது. அங்கே தீட்டினால் பக்கத்துச் சுவர் மொட்டையாக இருந்தது. உச்சிப் பொழுதுக்குள் வீடு முழுக்கச் சுற்றி வெள்ளையும் காவியுமாகப் பட்டை போட்டுவிட்டோம். மாப்பிள்ளையின் அப்பா, மேலூர்க்காரர், தெருவிலேயே செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டி, சுவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். பின்னால் வந்த ஒரு அம்மாள் சூடமே கொளுத்திவிட்டாள். பெண்ணின் அப்பா என் காதோரம் குனிந்தார்: "வீட்டுக்கு நெலை கேட்டா கோயிலக் கட்டிக் குடுத்துட்டீகளே தம்பி. இனிமே நான் எங்கன உக்காந்து சுருட்டுக் குடிக்கிறது?"

டம்ளர் வைத்தியம்

வேங்கை டம்ளரில் ராத்திரி ஊற்றிவைத்த தண்ணீரைக் காலையில் குடித்தால் நீரிழிவுக்கு நல்லது என்பார்கள். தண்ணீர் வெளிச்சத்தில் நீலமாக மினுங்கும். ஒரு கட்டையைக் கடைசல்காரரிடம் கொடுத்து டம்ளராகக் கடைந்து வாங்கினேன். முதல் டம்ளரை வாங்கினவர் வெல்லமண்டிக்காரர் ஒருவர். ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன், சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி இருந்தார். குணம் தெரிகிறதா என்று பயந்து பயந்து விசாரித்தேன். மனுஷருக்கு முகமெல்லாம் சிரிப்பு: "அருமையான தண்ணி தம்பி. முன்னெல்லாம் கால் வீசை அல்வா திங்கவே பயமாருக்கும். இப்ப அரை வீசை தின்னாலும் அந்தப் பயம் வாரதே இல்ல."

கடைசிக் கட்டை

வண்டிப் பட்டறைக்காரர் ஒருவர் இரண்டு கட்டையை எடுத்துக்கொண்டார். மார்கழிக் கடைசி நாள், ஒரே ஒரு கட்டை மிச்சம். என் குடையையும் தூக்குச்சட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் அந்த மேலூர்க்காரர். சம்பந்தி வீட்டு நிலை மாதிரி மரம் வேண்டும் என்றார்.

எனக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது. ஐயா, அது பக்தி இல்லை, மழையில் மரம் விட்ட சாயம், அதை மறைக்கத்தான் பட்டை போட்டோம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரித்தார். கும்பிடும்போதே காவி ஈரமாகக் கையில் ஒட்டியதாம். சபையில் எதற்கு என்று பேசாமல் இருந்தாராம். பிறகு சொன்னார்: "அம்புட்டு மழையிலயும் அந்த நெலையில கதவு சிக்காமச் சாத்துச்சு தம்பி. எங்க வீட்டுல மழை பேஞ்சா கதவை ஒதைச்சுல்ல தொறக்கோம். சாயம் வடிஞ்சா வடிஞ்சிட்டுப் போகுது, மரத்தை ஏத்துங்க."

கட்டை ஏறியது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராவுத்தர் என் குடையை வாங்கி, பழைய ஆணியிலேயே மாட்டினார். அடுத்த வாரம் மறுபடி ஏலம் இருப்பதாகச் சொல்லிவிட்டு, உள்ளே போகப் போனவர் திரும்பினார்: "போறதுக்கு முன்னால வைகையில நாலு முங்கு முங்கிட்டுப் போ தம்பி. அடைச்ச மூக்கோட போனாத்தான் நீ நல்ல மரமா எடுக்கிற."

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அந்தக் கடையில் காலம் தள்ளினேன். என்னை மரம் தெரிந்தவன் என்று ஊர் நம்பியது, ஜலதோஷத்துக்குத்தான் அதில் பாதிப் பங்கு.