வெள்ளிக்கிழமைப் பள்ளம்

ஸுஹைரா அன்று மதியச் சோற்றைப் பிரிக்கவே இல்லை. அயடின் அளவுகளைப் பதிய ஆலைக்குப் புதிதாக வந்த டெப் கணினியின் திரையில் எல்லா நாளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் பொத்தானை முதல் தடவையாக அமுக்கிப் பார்த்திருந்தாள். பத்துப் பதினைந்து கோடுகள் சமதரையாக ஓடின. மதியத் தொழுகையும் சோறும் முடிந்து மெஷின் மறுபடி ஓடத் தொடங்கும் நேரத்தில் மட்டும் எல்லாமே கீழே இறங்கின. இரண்டு கோடுகள் மற்றவற்றை விட ஆழமாக விழுந்திருந்தன. திகதியைப் பார்த்தாள். இரண்டும் வெள்ளிக்கிழமை.

பாலாவிப் பக்கத்து உப்பு ஆலை ஒன்றில் அவள் தரப் பரிசோதகர். தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் வந்து சேர்ந்தவள். பதினொரு வருடம் பொதி கட்டும் மேசையில் நின்றாள். நின்றபடியே படித்து, சாதாரண தரப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதி, விஞ்ஞானத்தில் தேறி, ஆலையின் ஆய்வுகூடமான லெப் அறைக்குள் போனாள். உப்பில் தெளிக்கும் அயடின், கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே அவள் வேலை.

அந்த வேலைதான் இப்போது ஆட்டங்கண்டிருந்தது. சில பொதிகளில் அயடின் குறைவு என்று கொழும்புக் கம்பனி இரண்டு லொறிகளைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆலைச் சொந்தக்காரர் லாபிர் ஹாஜியார் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: “மூணாவதும் திரும்பி வந்தா லெப்பைப் பூட்டுவன். நீங்க மேசைக்குத்தான் போகணும், மகள்.”

மூன்றாவது லொறி அன்று நாலு மணிக்குப் புறப்பட இருந்தது. முக்கால்வாசி ஏற்றியாகிவிட்டது.

முன்பெல்லாம் கையால் எழுதும் கொப்பியில் காலை ஒன்பதுக்கு ஓர் அளவு, மாலை மூன்றுக்கு ஓர் அளவு. ஒன்பது வருடமாக இருபத்திரண்டு, இருபத்துமூன்று. டெப் வந்த பிறகு அரை மணிக்கு ஒரு தடவை அளக்கச் சொல்லி அது கத்தியது. பிந்தி அளந்தால் பிந்திய நேரத்தையே பதிந்தது, ஏமாற்ற வழியில்லை. போன வெள்ளிக்கிழமை பதின்மூன்று காட்டியபோது, கரண்டி ஈரமாக்கும் என்று நினைத்து மறுபடி அளந்தாள். இருபத்திரண்டு வந்தது. நிம்மதியாக விட்டுவிட்டாள். இப்போது அந்த நிம்மதியை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

அன்றும் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பும்போது அவள் மெஷினடியில் நின்றாள்.

“என்ன தங்கச்சி, பேய் பார்த்த மாதிரி?” என்றார் மர்ஸூக். பதினேழு வருடமாகத் தெளிப்பு மெஷினை ஓட்டுபவர்; அவளுக்கு அண்ணன் முறையில் ‘நானா’.

“நானா, மெஷினை நிப்பாட்டித் திரும்ப ஓட்டினா அயடின் குறையுது. வெள்ளிக்கிழமையில இன்னும் கூடுதலாக் குறையுது.”

“அப்ப ஜும்ஆவுக்குப் போறது பிழையா? பள்ளியில சொல்லட்டா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“தொழுகையில என்ன பிழை? பிழை உங்கட மெஷின்ட தெளிக்கிற மூக்குல. ஓட விடுங்க, நான் ஒவ்வொரு பொதியா அளக்கிறன்.”

“அளங்க, அளங்க. அயடின் சரியா இருந்தா எல்லாருக்கும் பிளேன்டீ உங்கட கணக்கில.”

மெஷின் ஓடியது. முதல் பொதி: ஏழு. இரண்டாவது: எட்டு. சிரிப்பு நின்றது. மூன்றாவதும் எட்டு. ஐந்தாவதில் பன்னிரண்டு. இருபது நிமிடம் கழித்து இருபத்திரண்டு.

மர்ஸூக் மெஷினை நிறுத்தி, தெளிக்கும் மூக்கைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். வாயோரம் வெள்ளைப் பொருக்கு. மாலையில் மெஷினைக் கழுவித்தான் மூடுவார்கள்; மதியத்தில் யாரும் கழுவுவதில்லை. தகரக் கூரையின் வெக்கையில் மெஷின் நின்ற நேரமெல்லாம் அயடின் கலந்த தண்ணீர் காய்ந்து துவாரத்தை அடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை நிற்கும் நேரம் அதிகம்; பொருக்கும் அதிகம். ஓட ஓடத்தான் அது கரைந்திருக்கிறது.

“பதினேழு வருஷம்,” என்றார் மெதுவாக. “ஒரு நாளும் காணல்லியே.”

“எப்படிக் காண்ற நானா? அந்த நேரம் நீங்க பள்ளியில, நான் சோத்துக் கோப்பையோட. மூணு மணிக்கு நான் அளக்க வாற நேரம் எல்லாம் சரியாயிரிக்கும்.”

அவள் லொறியடிக்கு ஓடினாள். ஹாஜியார் பற்றுச்சீட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார்.

“ஹாஜியார், லொறியை விடாதீங்க!”

“என்ன புள்ள, விளையாட்டா? கொழும்பில பார்த்துக்கொண்டு இரிக்கிறாங்க.”

“இதுலயும் குறைஞ்ச பொதி இரிக்கு. எது எதுவெண்டு எனக்குத் தெரியும்.”

“ஆயிரம் பொதிக்குள்ளயா?”

ஒவ்வொரு பொதியிலும் ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் கட்டிய நாளும் நேரமும். அவள் டெப்பைத் திருப்பிக் காட்டினாள். மதியம் நின்று ஓடிய முதல் அரை மணியில் கட்டியவை நூற்றுப்பதினெட்டு. ஹாஜியார் பட்டியலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

“இறக்குங்கடா!”

மர்ஸூக்தான் முதலில் லொறியில் ஏறினார். ஸுஹைரா கீழே நின்று ஸ்கேன் செய்தாள். டெப் பச்சை காட்டினால் பொதி லொறிக்குள் திரும்பப் போகும், சிவப்பு காட்டினால் வெளியே விழும். “சிவப்பு! பச்சை! பச்சை!” என்று கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிப்போனது. ஆறு மணிக்கு லொறி புறப்பட்டது. அன்றைக்கே மர்ஸூக் ஒரு போத்தல் வெறுந்தண்ணீரைக் குழாயோடு பொருத்தினார். மெஷினை நிறுத்துமுன் மூக்கைக் கழுவ.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு லெப் கதவைத் தள்ளிக்கொண்டு ஹாஜியார் வந்தார், செருப்பைக் கழற்றவும் மறந்து.

“எடுத்துட்டாங்க மகள்! ஒரு பொதி மிச்சமில்லாம எடுத்துட்டாங்க! அடுத்த மாசம் ரெண்டு லொறி கேக்கிறாங்க!”

ஸுஹைரா சோதனைக் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒரு நிமிஷம் ஹாஜியார்,” என்றாள். “பதினொரு மணி அளவு பிந்திடும்.”