பதினெட்டரை அடியை இருபது என்று எழுதியது

1. காணாமல் போன வீடு

“தங்கச்சி, என் வீட்டைக் காணோம்.”

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி ஈப்போவுக்கு வந்த அஞ்சலை அக்கா, என் மேசைக்கு முன்னால் நின்று சொன்ன முதல் வார்த்தை இதுதான். எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ஓர் இன்ஜினியர் அலுவலகத்தில் பிளான் வரையும் வேலையில் இருந்தேன். அந்த அம்மா தேடி வந்த வீடு இன்னும் கட்டப்படவே இல்லை. நான் வரைந்த பிளானில் மட்டும்தான் இருந்தது.

அது எப்படிக் காணாமல் போனது என்று சொல்வதற்கு, எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

2. வேலையைக் குறைக்க வந்த மெஷின்

அதற்கு முன் பதினொரு வருடம் நான் கையால்தான் வரைந்தேன். டிரேசிங் பேப்பர், மைப் பேனா, தப்பு வந்தால் சுரண்டுவதற்குப் பிளேடு. ஒருநாள் எங்கள் பாஸ் மிஸ்டர் லியோங் ஒரு லோரியில் பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு திரை. ஒன்றில் எழுத்து வரும், இன்னொன்றில் படம் வரும். திரையில் இருப்பதைத் தாளில் வரைய, பேனா மாட்டிய பிளாட்டர் ஒன்று தனியாக.

“பாக்கியம், இனிமே நீ சுரண்ட வேணாம்லா. ஒரு வீடு வரைஞ்சா போதும், மிச்சத்த இதுவே வரையும்” என்றார்.

லியோங் தமிழ் பேசுவார். அவருடைய அப்பா பீடோர் பக்கம் ஒரு தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தார். தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர்.

கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். லைன் என்று டைப் செய்தால் எங்கிருந்து என்று கேட்கும். சொன்னால் எதுவரை என்று கேட்கும். அதையும் சொன்னால் மறுபடியும் எதுவரை என்று கேட்கும். நிறுத்தத் தெரியாமல் நான் முதல் நாள் திரை முழுக்கச் சிலந்தி வலை பின்னினேன். ஈரேஸ் என்று அடித்து அந்த வலையை அழிக்கப் போய், வலைக்கு அடியில் இருந்த சுவரையும் சேர்த்து அழித்தேன். ஊப்ஸ் என்று ஒரு கமாண்டு உண்டு, கடைசியாக அழித்ததைத் திருப்பிக் கொடுக்கும். கொடுத்தது. வலையோடு கொடுத்தது.

வேலையை முடித்து வெளியேற இரண்டு கமாண்டு. எண்ட் என்றால் சேமித்துவிட்டு மூடும். குவிட் என்றால் சேமிக்காமல் மூடும். மூடுவதற்கு முன் நிஜமாகவா என்று ஆங்கிலத்தில் கேட்கும். முதல் வாரத்தில் ஒருநாள், காலையிலிருந்து வரைந்த வடிகால் பிளானுக்கு அந்தக் கேள்வி வந்தது. வீட்டுக்குப் போவதைத்தான் கேட்கிறது என்று நினைத்து ஆமாம் என்று அடித்தேன். மறுநாள் அந்த வடிகாலை முதலிலிருந்து வரைந்தேன்.

இது போதாதென்று ஈப்போ மழை. மதியம் மூன்று மணிக்கு இடி இடித்தால் கரண்டு போகும். பெரிய படத்தைத் திரையில் மறுபடி வரையச் சொன்னால் ஒவ்வொரு கோடாக யோசித்து யோசித்துப் போடும். அதற்குள் நான் கீழே மாமாக் கடைக்குப் போய்ப் பசியாறிவிட்டு வந்துவிடலாம். வேலையைக் குறைக்கும் மெஷின் என்று சொன்னவரை நான் பல நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

3. ஒரு வீடு, இருபத்துநாலு வீடு

அந்தச் சமயத்தில்தான் பீடோர் வேலை வந்தது. தோட்டத்தை ஒரு டெவலப்பர் வாங்கியிருந்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த இருபத்துநாலு குடும்பங்களுக்குத் தோட்டத்து ஓரத்தில் வீடு கட்டித்தர ஒப்பந்தம். அதற்குப் பிறகு லயத்தை உடைப்பார்கள். அந்தத் தோட்டத்து வாசலில்தான் லியோங்கின் அப்பா கடை இருந்தது. அதனாலேயே இந்த வேலையை அவர் கேட்டு வாங்கினார்.

நான் ஒரு வீடு வரைந்தேன். பிளானில் எல்லாம் மீட்டர்தான், ஆனால் தோட்டத்தில் எல்லாரும் அடியில் பேசியதால் அடியிலேயே சொல்கிறேன். அகலம் பதினெட்டரை அடி. அர்ரே என்ற கமாண்டைக் கொடுத்தேன். ஒரு வீடு வரிசையாகப் பன்னிரண்டு வீடானது. பிறகு மிரர். கண்ணாடியில் தெரிவதுபோல வரிசையைப் புரட்டிப் போடும். பின் சந்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு பன்னிரண்டு வீடு. பத்தே நிமிஷம். கையால் வரைந்தால் நாலு நாள்.

புரட்டியதில் எழுத்தும் புரண்டுவிட்டது. சமையலறை என்று எழுதியது எல்லாம் பின்பக்கமாக வாசிக்கும்படி இருந்தது. அதைப் பன்னிரண்டு வீட்டிலும் ஒவ்வொன்றாக அழித்து எழுதினேன். அந்த எரிச்சலில்கூட, நேரம் மிச்சம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

வரிசை போடக் கிடைத்த இடம் இருநூற்று இருபத்தைந்து அடி. என் பன்னிரண்டு வீடு இருநூற்று இருபத்திரண்டில் அடங்கியது.

4. ஒரு எண்

பிளான் அனுமதிக்காக ஊர்க் கவுன்சிலுக்குப் போவதற்கு முதல் நாள், லியோங் போனை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“பாக்கியம், கவுன்சில்ல வீட்டு அகலம் இருபது அடிக்குக் கொறைய கூடாதாம்.”

“அப்ப லேஅவுட்ட முழுசா மாத்தணும் பாஸ்.”

“நேரம் இல்லலா. நாளைக்குக் குடுக்கலன்னா அடுத்த மீட்டிங்தான். தோட்டத்துல லயத்த உடைக்க நாள் குறிச்சிட்டான். இப்ப நம்பர மட்டும் மாத்து. அப்புறம் சரி பண்ணிக்கலாம்.”

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். டிம் என்று கமாண்டு கொடுத்து இரண்டு சுவரைத் தொட்டுக் காட்டினால், மெஷின் தானே அளந்து ஓர் எண்ணைக் காட்டும். இதை எழுதட்டுமா என்று கேட்கும். எண்டர் தட்டினால் எழுதும். தட்டாமல் நாம் வேறு எண்ணை அடித்தால் அதை எழுதும். கோடு அப்படியே இருக்கும்.

மெஷின் பதினெட்டரை என்று காட்டியது. நான் இருபது என்று அடித்தேன்.

பன்னிரண்டை இருபதால் பெருக்கிப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி. வீட்டு பிளான் ஒரு தாள், வீடுகள் வரிசையாக நிற்கும் லேஅவுட் வேறு தாள். ஒன்றில் இருபது அடி வீடு. இன்னொன்றில் பன்னிரண்டு கட்டம், அகலம் எழுதாமல். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. கவுன்சிலில் தனித்தனியாகத்தான் பார்த்தார்கள். பாஸாகிவிட்டது.

அப்புறம் சரி பண்ணிக்கலாம் என்றாரே, அந்த அப்புறம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. தைப்பிங்கில் ஒரு பாலம் வந்தது, அதில் மூழ்கிவிட்டோம்.

5. தரையில் இல்லை

அஞ்சலை அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் வேலை. புருஷன் இல்லை. வீட்டு நம்பருக்குச் சீட்டுக் குலுக்கியபோது அவருக்குப் பன்னிரண்டு விழுந்தது.

“நேத்து கன்ட்ராக்டர் குச்சி அடிச்சு கயிறு கட்டுனான். நான் நின்னு எண்ணுனேன். பதினொண்ணுதான் வருது. அதுக்கு மேல அஞ்சடி இருக்கு, அப்புறம் வேலி.”

நான் லேஅவுட்டை விரித்துக் காட்டினேன். “இங்க இருக்கே அக்கா, பன்னெண்டு.”

“பேப்பர்ல இருக்கு. தரையில இல்ல.”

சத்தம் கேட்டு லியோங் அறையிலிருந்து வந்தார். அஞ்சலை அக்கா அவரைப் பார்த்து, “சின்னத் தவுக்கே, நல்லா இருக்கியா?” என்றார். தவுக்கே என்றால் முதலாளி. லியோங் ஒரு நிமிஷம் கடைப் பையனாகிவிட்டார். சிரித்தார். பிறகு விஷயத்தைக் கேட்டதும், “கன்ட்ராக்டர் தப்பா அளந்திருப்பான் அக்கா. நான் போன் போடுறேன்” என்றார்.

“அவன் பிளானக் காட்டுறானே. இருபதுன்னு போட்டிருக்கு, இருபது வச்சேங்கிறான்.”

லியோங் என்னைப் பார்த்தார். திரையில் படத்தை எடுத்து, தூரம் அளக்கும் டிஸ்ட் கமாண்டை அடித்து, இரண்டு சுவரைத் தொட்டேன். பதினெட்டரை. அதற்குப் பக்கத்திலேயே என் இருபது நின்றது.

“பாஸ், கன்ட்ராக்டர் சரியாத்தான் அளந்திருக்காரு” என்றேன்.

“அப்ப யாரு தப்பு?” என்று அஞ்சலை அக்கா கேட்டார்.

நான் பதிலுக்காக லியோங்கைப் பார்த்தேன். அவர் லேஅவுட்டின் சுருண்ட ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் எனக்கு வந்த எரிச்சல் எந்த மெஷினாலும் வந்ததில்லை.

“நான்தான் அக்கா. நான்தான் நம்பர மாத்துனேன்.”

அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “மத்த வீடு முடிஞ்சதும் லயத்த உடைச்சிடுவாங்க தங்கச்சி. அந்த அஞ்சடியில பாய விரிச்சுப் படுக்கவா?” என்று கேட்டார்.

மிரர் செய்ததால் எதிர் வரிசையிலும் அதே கதை. இருபத்துநாலாம் நம்பரும் இல்லை. அது கருப்பையா என்ற பழைய லோரி டிரைவருக்கு விழுந்தது. அவர் மகளுக்கு இருபத்துமூன்றாம் நம்பர் வீடு. பக்கத்துப் பக்கத்து வீடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

6. டெவலப்பர் அறையில்

மறுநாள் லியோங் தன் காடியை ஓட்டிக்கொண்டு என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். முதல் ஆறு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. எதையும் நகர்த்த முடியாது. வரிசைகள் தொடங்கும் முனையில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், டெவலப்பர் கடை கட்டுவதற்கு வைத்திருந்த மூலை லாட், அதாவது மனை, ஒன்று சும்மா கிடந்தது. அகலம் ஐம்பது அடி. நானே டேப் பிடித்து இரண்டு தடவை அளந்தேன். இருபது அடி வீடு இரண்டு உட்காரும்.

அன்று மதியமே ஈப்போவுக்குத் திரும்பி வரைந்தேன். காப்பி, மூவ், டிம் என்று மூன்று கமாண்டு. மெஷின் இருபது என்று காட்டியது. எண்டர் தட்டினேன்.

அடுத்த நாள் பீடோரில் டெவலப்பரைப் பார்க்கப் போனோம். எங்களை வெளியே மூன்று மணி நேரம் உட்கார வைத்தார். உள்ளே போனதும் லியோங் நிலம் அப்படி, வேலி இப்படி என்று கான்டனீஸில் சுற்றி வளைத்தார். எனக்கு அந்த அளவு கான்டனீஸ் புரியும். டெவலப்பர் பொறுமையில்லாமல் என் பக்கம் திரும்பி, யார் தப்பு என்று மலாயில் கேட்டார். நான் என் தப்பு என்றேன்.

“அப்படியென்றால் இந்தப் பெண்ணை நிறுத்திவிடு. வரிசைக்குப் பதினொன்று கட்டு. அந்த இரண்டு குடும்பமும் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்” என்று லியோங்கிடம் சொன்னார்.

லியோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். பிறகு சொன்னார்: “மாற்றச் சொன்னது நான். இருபத்துநாலு வீட்டுக்குத்தான் ஒப்பந்தம். இருபத்திரண்டு என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் யாரும் வீட்டுக்குள் குடிபோக முடியாது, மிச்ச நிலத்தில் அவர் நினைத்த வேலையும் நகராது. டெவலப்பருக்கு அது தெரியும். என் படத்தை இழுத்துப் பார்த்தார். மூலை லாட்டைக் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு அவரிடமிருந்து வேறு வேலை வரவில்லை.

திரும்பும்போது தாப்பாவில் காடியை நிறுத்தி லியோங் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

“அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். அந்த அக்கா முன்னால” என்றார்.

“சொல்லியிருக்கணும் பாஸ்” என்றேன். எனக்குச் சமாதானம் சொல்லத் தோன்றவில்லை.

7. குடிபோன நாள்

அந்த இரண்டு வீடும் கடைசியாகத்தான் எழும்பின. அதற்குள் லயத்தை உடைத்துவிட்டார்கள். அஞ்சலை அக்கா ஆறு வாரம் ஏழாம் நம்பர் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தார். லியோங் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாராம். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

எனக்கும் அழைப்பு வந்தது. போகக் கூச்சமாக இருந்தாலும் போனேன். அஞ்சலை அக்கா பால் காய்ச்சிக் கொடுத்தார். மூலை வீடு, பக்கத்தில் ஐந்தடி காலி நிலம். “மிளகா போடலாம்” என்றார். 

கருப்பையா அண்ணன்தான் என்னைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினார். கால் வலிக்காரர். “அந்தா தெரியுதா, அந்தக் கோடியில கடைசி வீடு? அதுதான் என் மக வீடு. நான் இந்தக் கோடியில. நீ உக்காந்த எடத்துலேருந்தே என் வீட்டத் தூக்கி இங்க வச்சுட்ட. நான் தெனமும் நடக்கணும்லா.”



இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்தக் கமாண்டு கஷ்டம் என்று என்னிடம் கேட்கிறார்கள். எதுவும் கஷ்டமில்லை. கோடு போடுவது, அழிப்பது, புரட்டுவது எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். அளவு தப்பாக இருந்தால் கோட்டை மாற்றுங்கள். எண்ணை மாற்றாதீர்கள். கோட்டை மாற்ற நேரமில்லை என்று மேலே இருப்பவர் சொன்னால், பிளான் நாளைக்குப் போகாது என்று சொல்லுங்கள். திட்டுவார். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு அந்தத் திட்டை வாங்கவில்லை. அதனால் ஒரு கால் வலிக்காரர் தன் மகளைப் பார்க்கத் தினமும் இருநூற்று அறுபது அடி நடந்தார். அதையும் திரையில் அளந்து பார்த்தேன்.